ஹெலனின் இன்னொரு பெயர்

என் பெயர் இலோனா. பள்ளி நாட்களில் எல்லோருக்கும் நான் "இளநி". இலோனா என்று பெயர் வைத்த அப்பா மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம்.

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்த ஹங்கேரிப் பெண்மணி, என் பெயர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எங்கள் ஊர்ப் பெயர். ஹெலன் என்ற பெயரை நாங்கள் இப்படித்தான் சொல்வோம். ஒளி என்று அர்த்தம்" என்றார்.

என்னைப் பெற்ற அன்றே இறந்துபோன அம்மாவின் பெயர் ஹெலன்.

உடனே பண்டமாரானில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன். "இலோனான்னா ஹெலன்தான்னு தெரிஞ்சுதான் வச்சீங்களாப்பா?"

அப்பா சொன்னார்: "உங்கம்மா பேர உனக்கு வைக்கக்கூடாது, ராசியில்லன்னு வீட்ல தடுத்தாங்கமா. அதான் பேர் புக்ல தேடி இத வச்சேன். தினமும் அவள கூப்பிடணும் போல இருந்துச்சுலா."

கடை வாசலில் நின்று அழுதேன். நன்றிப்பா.

ஆனால் இவ்வளவு வருஷம் இதை மறைத்ததற்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அவரோடு சண்டை போடுவேன். உங்கள் அப்பாக்களும் இப்படித்தானா?