பெகோனியாவுக்குத் தினமும் தண்ணீர்

நான் வேலை பார்த்த பள்ளி நூலகத்தின் ஜன்னலோரத்தில் ஒரு பெகோனியா வளர்த்தேன். இலையின் நடுவில் வெள்ளிப் பூச்சு, ஓரத்தில் கருஞ்சிவப்பு. ஓய்வு பெற ஆறேழு மாதம் இருந்தபோது அதிலிருந்து நான்கு இலைகளைக் கிள்ளி அட்டுவம்பட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூட வேலை பார்த்த பதினான்கு பேருக்கும் கடைசி நாளில் ஆளுக்கொரு செடி கொடுக்க ஆசை.

இலையின் அடிப்பக்க நரம்புகளை பிளேடால் குறுக்கே கீறி, ஈர மணலில் படிய வைத்து, பாலித்தீன் கவரால் மூடினேன். எங்கள் மலைக் குளிரில் அது லேசில் வேர் விடாது. அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில்தான் வைத்திருந்தேன். இரண்டு மாதம் ஒன்றுமில்லை. பிறகு கீறிய இடங்களில் எலிக்காது மாதிரி குட்டி இலைகள் எழும்பின. தனித்தனித் தொட்டிக்கு மாற்றி, மறுபடி கவரால் மூடி வைத்ததில் பதினாறு தேறின.

அந்த நேரம் பார்த்து திண்டுக்கல்லில் தங்கைக்கு ஆபரேஷன். பத்து நாள் போக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்து, "தண்ணி ஊத்தவே வேணாம். தினம் ஒரு தடவை கவரைத் தூக்கி மூடுனாப் போதும்" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கிறேன்க்கா, நீங்க கவலப்படாமப் போயிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன். பலகை காலி. அவள் வீடு பூட்டியிருந்தது. மாதா கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நானும் போனேன். பூசை முடிந்து, கட்டட நிதிக்காக வளாகத்தில் விற்பனை நடந்துகொண்டிருந்தது. கேக், ஊறுகாய் மேசைகளைத் தாண்டி ஒரு மேசை. அதன் பின்னால் அவள். 'எங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து' என்று அட்டை. என் செடிகள் மூன்றுதான் மிச்சமிருந்தன.

திருட்டைக்கூட அந்த நிமிடம் பொறுத்திருப்பேன். ஆனால் செடியை வாங்கிக்கொண்டு காரில் ஏறப்போன ஒரு சுற்றுலாக் குடும்பத்திடம் அவள், "காலையில வெள்ளனே நல்லா இலையெல்லாம் நனையத் தண்ணி ஊத்துங்க. தினமும்" என்றாள்.

"ஊத்தினா அழுகிப்போகும்டி!" என்று கத்திவிட்டேன். வளாகமே திரும்பிப் பார்த்தது. ஃபாதர் ஓடி வந்தார்.

"நல்ல காரியத்துக்குத்தானக்கா குடுத்தேன். செடிதான? இன்னொரு இலைய வெட்டி வச்சா வந்துட்டுப் போவுது" என்றாள் அவள். முகத்தில் ஒரு வெட்கம் இல்லை. சுற்றி நின்றவர்களும் நான்தான் கோயில் காரியத்துக்கு இடைஞ்சல் செய்தது போலப் பார்த்தார்கள். செடிதானே! இத்தனை மாதத்தில் நான் வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை, தங்கை படுத்த அந்தப் பத்து நாளைத் தவிர. மூன்று தொட்டிகளையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை.

அந்த மூன்றையும் பள்ளி விடுதிச் சமையலறைப் பெண்கள் மூவருக்குக் கொடுத்தேன். மற்ற பதினொரு பேருக்கும், கடைசி நாள் காலையில் நூலகத்துத் தாய்ச்செடியை ஏறக்குறைய மொட்டையாக்கி, ஆளுக்கோர் இலையை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். எப்படிக் கீற வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினேன். கணக்கு ஆசிரியர் அழுத்திக் கீறி இலையை இரண்டாகவே கிழித்துவிட்டார். அவருடையதுதான் முதலில் துளிர்த்ததாம். எட்டுப் பேருக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த தாய்ச்செடி மறுபடி தழைத்ததும் மற்றவர்களுக்கு இன்னொரு இலை கொடுத்தேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, எனக்கும் ஒரு இல குடுங்களேன்" என்றாள், ஒன்றுமே நடக்காதது போல.

"இல்ல" என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இதை நான் சொல்லப்போவதில்லை.