ஒரு இடத்தில் நிற்காத ஆர்ஜென்டினாக்காரன்

இன்று லண்டன் சட்டனில் முடி வெட்டப் போயிருந்தேன். வெட்டியவர் கடைக்காரர் குகன் அண்ணை.

கடைத் தொலைக்காட்சியில் ஒரு செய்தி. இங்கே கோல் அடித்துக்கொண்டிருந்த ஆர்ஜென்டினா வீரர் ஒருவர் ஐரோப்பாவை விட்டு ஊருக்கே திரும்புகிறாராம்.

அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"உவன் ஒரு இடத்தில நிண்டவனே? முதல் இத்தாலி. அங்க சரிவரேல்லை எண்டு ஸ்பெயின். பிறகு இஞ்ச. விசுவாசம் இல்லாத ஆள் தம்பி!"

"நீங்கள் நேரா லண்டனுக்கோ வந்தனீங்கள் அண்ணை?"

"இல்லை, முதல் ஜெர்மனி. அங்க அகதிக் கேஸ் சரிவரேல்லை எண்டு பிரான்ஸ். பிறகு பிள்ளையள் இங்கிலிஸில படிக்கவேணும் எண்டு இஞ்ச வந்தனாங்கள்."

கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

கல்லாவில் இருந்த அவருடைய மனைவி சிரித்துவிட்டார். "அவனெண்டாலும் ஊருக்குப் போறான். இவர் இருபது வருசமா 'வாற வருசம் போறன்' எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார்."

கத்தரிக்கோல் நின்றது.

"அவனைக் கூப்பிட எயார்போட்டுக்கு ஊரே வரும். எனக்கு ஆர் வருவினம்? என்ர ஆக்கள் முழுக்கக் கனடாவில."

அண்ணை மறுபடி வெட்டத் தொடங்கினார். என் இடது கிருதா வலதை விடக் குட்டையாக இருக்கிறது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் நோர்வே, டென்மார்க் வழியாக வந்தவன். வேறெங்கும் ஆடாமல் நேராக லண்டனுக்கே வந்த விசுவாசிகள் யாராவது இருந்தால், கீழே கமெண்டில் வந்து அந்த வீரரைத் திட்டலாம்.