கத்பர்ட் அண்ணன் உட்காரும் அழகு

கோட்டு வாலைத் தூக்கித் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு, "அப்பாடா" என்று தெருமுனையில் எங்களோடு குந்துவார் கத்பர்ட் ரெயின். டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கக்காரனுக்குக் குந்துவதே ஆசனம். எங்கள் சங்கச் செயலாளரான அவருக்கு அது சனிக்கிழமைச் சடங்கு. முட்டி இரண்டும் சடசடக்கும். "கேட்டியா ராபி? குழிக்காரன் முட்டிடா இது!" என்பார் என்னிடம். அவர் குழிக்குள் இறங்கிப் பதினைந்து வருடமாகிறது. அந்த முட்டி இப்போது சுமப்பதெல்லாம் விருந்துச் சாப்பாட்டைத்தான்.

நெற்றியில் ஒரு நீலத் தழும்பு. காயத்துக்குள் கரித்தூள் போனால் அப்படித்தான் நிற்கும். எங்களுக்கெல்லாம் முதுகு முழுக்க இருக்கிறது. தொப்பியைக் கழற்றி மேடையில் காட்டத் தோதான இடத்தில் வாய்க்க அவருக்குத்தான் கொடுப்பினை. அதைத் தடவிக்கொண்டே, "முழங்கால் உசர இடுக்குல, குட்டி மணை மேல ஒருக்களிச்சுக் கரி வெட்டுனவன்யா நான்!" என்று முழங்குவார். அந்த மணையில் அவர் பட்ட பாடு எங்களுக்கு மனப்பாடம். போன வருடம் லண்டனில் பிரபுக்கள் முன்னாலும் இதையே முழங்கி, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி ஒன்று பரிசு வாங்கி வந்தார்.

முதலாளிகள் இப்போது அவர் வாயில் 'பெரியவங்க'. "பெரியவங்க கஷ்டத்தையும் பாக்கணும்லப்பா" என்கிறார். கரி விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்த புண்ணியவானும் அவர்தான். இறங்குவதைப் பார்த்துவிட்டோம். ஏறுவதைப் பார்க்க நூறு வயது வேண்டும்.

இந்த மாதம் கூலியில் பத்தில் ஒரு பங்கை வெட்டப்போவதாக முதலாளிகள் சொன்னார்கள். என் மனைவி பெக்கி கொதித்துப்போனாள். "கறிய நிறுத்தியாச்சு, வெண்ணெய நிறுத்தியாச்சு. இனி புள்ளைங்க வாயத்தான் தைக்கணும்." வேலைநிறுத்தம் என்று எல்லோரும் கை தூக்கினோம். கத்பர்ட் அண்ணன் கையமர்த்தினார். "அவசரப்படாதீங்கப்பா. நான் போய்ப் பேசுறேன். ஒரு பென்னி குறைய விடமாட்டேன்."

நேற்று பேசப் போனார். சாயங்காலம் தெருமுனையில் குந்திக் காத்திருந்தோம். முதலாளி வீட்டு வண்டியிலேயே வந்து இறங்கினார் மகராசன். புதுக் கால்சட்டை. உதட்டோரம் ஆட்டுக்கறிக் கொழுப்பு மினுங்கியது.

"என்னண்ணே ஆச்சு?" என்றேன்.

"இந்த ஒரு தடவ விட்டுக்குடுத்துட்டேன் ராபி. நிதானமா சொல்றேன்." குந்தவில்லை. என் வீட்டு வாசலைப் பார்த்து, "பெக்கி, ஒரு நாற்காலி கொண்டாம்மா" என்றார்.

 

பெக்கி உள்ளே போனாள். வீட்டில் நாற்காலி இருக்கிறது. அவள் அதைத் தொடவில்லை. கால் ஆடுகிறதென்று சரிசெய்ய நான் குழியிலிருந்து கொண்டுவந்திருந்த கரி வெட்டும் மணையை, அப்பிய கரியோடு தூக்கி வந்து அவர் காலடியில் போட்டாள்.

"மேடையில சொல்வீங்களே, அதேதாண்ணே. உக்காருங்க. எம்புள்ளைங்களுக்கு என்ன மிச்சம்னு நிதானமாவே சொல்லுங்க."

கத்பர்ட் அண்ணன் மணையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவி, உதறி, மணையின் மேல் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு, உட்கார்ந்தார்.