பேச்சியம்மாவின் முயல் கறி

இலங்கை மலைநாட்டின் ஹேவாஹெட்டக் காடுகள் கோப்பித் தோட்டங்களாகிக் கொண்டிருந்த காலத்தில், இராமநாதபுரத்திலிருந்து தோணியில் கடல் கடந்து, அப்புறம் நடந்தே வந்து சேர்ந்தவள் பேச்சியம்மா. வாய் கொஞ்சம் நீளம்; கைப்பக்குவம் அதைவிட நீளம். கோப்பி மொட்டுகளைக் கடித்துத் தின்ன எலிகள் கூட்டங்கூட்டமாக வந்த வருஷம், எல்லாரும் தலையில் கைவைத்தார்கள். பேச்சியம்மா பொறி வைத்தாள். விழுந்ததைத் தோலுரித்து, மஞ்சள் பூசி, மிளகு தட்டிப் போட்டு, தேங்காயெண்ணெயில் பொரித்தாள். கூலிகள் குடியிருந்த லயமே மணத்தது.

எலிச் சேதத்தைப் பற்றி எழுத வந்த இங்கிலீஷ் பத்திரிகைத் துரை ஒருவர், மழையில் மாட்டிக்கொண்டு அவள் வாசலில் ஒதுங்கினார். வாசனை அவரை விடவில்லை.

"என்ன கறி?"

உண்மையைச் சொன்னால் அடி விழுமோ என்று பயந்தவள், "மொசலுங்க தொரை" என்றுவிட்டாள்.

துரை ஐந்து துண்டு தின்றுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரசிங்கம் பத்திரிகையோடு வந்தார். "பேச்சி, உன்ர கறி பேப்பரில வந்திட்டுது! கண்டிச் சீமையிலேயே இப்படியொரு முயல் கறி இல்லையாம். ஆனா பேர் போடேல்லை, ஒரு கூலிப் பெண் எண்டுதான் கிடக்கு."

பொய் அச்சேறிவிட்டதே என்று அவள் பொறியைத் தூக்கி அடுப்படிக்குள் ஒளித்தாள். பயந்தது சரிதான். அதைப் படித்த பக்கத்துத் தோட்டத்துத் துரை முயல் வேட்டைக்கென்று துப்பாக்கியும் இரண்டு நாய்களுமாக வந்து, மூன்று நாள் மலை மலையாக அலைந்தார். ஒரு முயலும் அகப்படவில்லை. நான்காம் நாள் கறி வைத்தவள் யாரென்று விசாரித்து, நேரே அவளிடம் வந்து, "எங்கே பிடித்தாய்?" என்று உறுமினார்.

இனி மறைத்துப் பயனில்லை. பொறியிலிருந்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "இதாங்க அந்த மொசலு."

துரை குனிந்து எலியைப் பார்த்தார். பிறகு தொப்பி கீழே விழச் சிரித்தார். அன்றே பத்திரிகைக்கு எழுதியும் போட்டார்.

பத்திரிகைத் துரை குதிரையேறி வந்தபோது, அவள் கைகட்டி நின்றாள்.

"ஏன் பொய் சொன்னாய்?"

"எலின்னு சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பீங்களா?"

துரை யோசித்தார். "மாட்டேன்" என்றார். பிறகு கோபம் போன இடம் தெரியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்தார். "உன் பேர் என்ன? எப்படிச் சமைத்தாய்? ஒவ்வொன்றாகச் சொல்லு."

அடுத்த தபாலில் வந்த பத்திரிகையை, லயத்துச் சனம் சுற்றிநிற்க வீரசிங்கம் படித்துக் காட்டினார். ஹேவாஹெட்ட பேச்சியம்மாவின் கோப்பி எலிப் பொரியல்: மிளகு, உப்பு, தேங்காயெண்ணெய், செய்முறை எல்லாம் இருந்தது. தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறதென்று கேட்டு, அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள் பேச்சியம்மா. முகமெல்லாம் சிரிப்பு. திடீரென்று புருவம் சுருங்கியது.

"அய்யா, மஞ்சள விட்டுட்டாரே! இத நம்பி எவளாச்சும் சமைச்சா, என் பேரு என்னாத்துக்கு ஆவும்? இப்பவே அவருக்கு ஒரு காயிதம் எழுதுங்க."

வீரசிங்கம் பேனாவைத் தேடிப் போனார்.