ஸ்டோர் ரூமில் மட்டும் அணையாத லைட்

இன்று மத்தியானம் கம்பெனி ஸ்டோர் ரூமில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டேன். காலையில் பாகலூரில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியதுதான் காரணம்.

எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள்.

கரண்டை மிச்சம் பிடிக்க எங்கள் கட்டடத்தில் புது சென்சார் மாட்டியிருக்கிறார்கள். ஆள் இல்லாத அறையில் லைட்டும் ஃபேனும் தானாக நின்றுவிடும். அசையாமல் கிடந்தாலும், மூச்சுவிடுவதை வைத்தே ஆள் இருப்பதை அது தெரிந்துகொள்ளுமாம்.

மெயின்டனன்ஸ் மஞ்சுநாத் அண்ணா சாப்பிட்டுக்கொண்டே, எந்த அறையில் லைட் எரிகிறது என்று காட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார். மற்ற அறைகளெல்லாம் அணைந்திருக்க, ஸ்டோரில் மட்டும் லைட் எரிந்திருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறார்.

நான் கண் விழித்தபோது கன்னடமும் தமிழும் கலந்து கத்திக்கொண்டிருந்தார்.

"ஏனாயித்தும்மா, என்னாச்சு? சுதா, கண்ணத் தொறந்து பாரும்மா!"

முதலுதவி அறை நர்ஸ் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் யாரும் பாக்காம இருந்திருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்க்கா" என்றார்.

மஞ்சுநாத் அண்ணாவைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ரொம்ப நன்றிண்ணா."

"எனக்கு எதுக்கும்மா? நான் சென்சார ரிப்பேர் பண்ணத்தானே வந்தேன்!"

அப்படிச் சொன்னாலும், என் வீட்டுக்காரர் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நாளை மஞ்சுநாத் அண்ணாவுக்கு என்ன சமைத்துக்கொண்டு போகலாம், சொல்லுங்கள். எனக்கு நன்றாக வருவது உப்புமாதான். உயிரைக் காப்பாற்றியவருக்கு அதைக் கொடுக்க மனசு வரவில்லை.