சிரித்த கிழங்கும் சாந்தியின் றோல்சும்

சுவிட்சர்லாந்தில் பேர்ன் நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் பல வருடமாக வேலை செய்கிறேன். பண்ணைக்காரர் வால்டருக்கு அயர்லாந்து மருமகன் ஒருவர் வந்து சேர்ந்தார், பெயர் டெக்லன். பள்ளத்தில் ட்ராக்டர் புதையும் ஈரநிலம் ஒன்று சும்மா கிடந்தது. அதன் ஓரத்தில் தன் ஊர் முறையில் உருளைக்கிழங்கு போட அவர் கேட்டார். வால்டர் ஒரு வருடம் கொடுத்தார். விளைந்ததை விற்றுக் காட்டாவிட்டால் அது மாட்டுக்குப் புல்நிலம்.

உதவிக்கு என்னை விட்டார்கள். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

முதல் நாள் மண்வெட்டியோடு போய்ப் புல்லைக் கொத்தத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் மண்ணைப் பொடியாக்காமல் கிழங்கு நடுவோமா? டெக்லன் ஓடிவந்து தடுத்தார். அவருடைய ஜெர்மனும் என்னுடையதைப் போலவே நொண்டி, அதனால் எங்களுக்குள் நன்றாக விளங்கியது. புல்லின் மேலேயே எருவைப் பரப்பி விதைக்கிழங்கை வைத்தார். இரண்டு பக்கமும் புல்தரையை, காலால் மிதித்து இறக்கும் ஸ்பேடால் வெட்டி, போர்வையை மடிப்பதுபோல் கிழங்கின் மேல் கவிழ்த்தார். பாத்தி உயர்ந்தது, வெட்டிய இடம் வாய்க்காலானது. நான் பழக்கதோஷத்தில் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தேன்.

அண்ணை என்ற ஒரு சொல்லை மட்டும் என்னிடம் பிடித்து வைத்திருந்தவர் அவர். "அண்ணை, எங்கட ஊரில வாய்க்கால் தண்ணி வாறதுக்கில்லை, போறதுக்கு," என்றார், மிச்சத்தை ஜெர்மனில்.

ஜூனில் மழை ஊற்றியது. வாய்க்கால் நிறைந்து ஓடியது. பாத்தி நனைந்த கோழிபோல் குந்தியிருந்தது, ஆனால் ஒன்றும் அழுகவில்லை.

கிழங்கைக் கிண்டி எடுத்ததும் வால்டர் வீட்டில் தோலோடு அவித்தார்கள். எல்லாம் வெடித்து மாவாய்ப் பிளந்தன. டெக்லனின் முகம் மலர்ந்தது. அவர் ஊரில் கிழங்கு சிரிக்கிறது என்பார்களாம். வால்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே சீஸோடு சாப்பிடும் கிழங்கு வெட்டினால் வெட்டியபடி நிற்க வேண்டும்.

"உடைஞ்ச கிழங்கை ஆர் வாங்குவினம்? நான் புல்லு விதைக்கப் போறன்."

நான் ஒரு வாளி கிழங்கு கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி சாந்தி பிறந்தநாள் வீடுகளுக்கு, மசித்த கிழங்கை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் றோல்ஸ் செய்து கொடுப்பவள். கடைக் கிழங்கு மசியாமல் பசைபோல் இழுக்கிறது என்று எந்நேரமும் புறுபுறுப்பாள். அவித்த கிழங்கு ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"இதை எங்கையப்பா ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? முழுக்க நானே காசு குடுத்து வாங்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அந்தச் சனிக்கிழமை றோல்சோடு அவளே வந்தாள். வால்டர் முதலாவதை முகர்ந்து பார்த்தார். மூன்றாவதைக் கேட்காமலே எடுத்தார்.

"வாற வருசம் பள்ளம் முழுக்கப் போடுங்கோ," என்றார். "ட்ராக்டர்தான் இறங்காது."

டெக்லன் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு இடுப்பு அப்போதே நோகத் தொடங்கியது.

பண்ணை வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஒரு வீட்டில் வேண்டாம் என்ற விளைச்சலை அடுத்த வீட்டு அடுப்படியிலும் காட்டிப் பாருங்கள். ஆனால் அங்கே பிடித்துவிட்டால், வாற வருடம் ஸ்பேட் உங்கள் கையில்தான்.