நூ–தா–தான்–தோன், ஐலசா

நேற்று என் மகள் பிரெஞ்சு வாக்கியம் ஒன்றை அசை பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். நூ–தா–தான்–தோன். உனக்காகக் காத்திருக்கிறோம் என்று பொருளாம். எழுத்தில் கடைசியாக ஓர் எஸ் உண்டு. வாய் அதைத் தொடக் கூடாது. முடிவில் வரும் இரண்டு அசையும் மூக்கோடு நின்றுவிட வேண்டும். நான் கருப்பட்டிக் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, என்னை அறியாமல் "ஐலசா" என்றேன். அவள் முறைத்தாள். அதற்கு விளக்கம்தான் இது, பிள்ளைகளே.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிக்கடலில் நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி கொண்டுபோகும் லாஞ்சில் நானும் ராயப்பனும். ஒரே வயது. எனக்குக் கடல் குமட்டும், அவனுக்குக் கரை குமட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்த கப்பல் ஒன்றில் மாலுமி ஒருவருக்குக் குடல்வால் வீங்கி, கரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கப்பல் தன்னை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் அவர் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. சாயங்காலத்துக்கு மேல் தள்ளினால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீட்டு எழுதி அனுப்பலாம் என்றால் அந்த மாலுமிக்கு எழுத்தும் தெரியாது. கப்பல் சமையல்காரர் தமக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் இதை விளக்கி, வாயால் போய்ச் சொல்லும்படி அந்த நாலு அசையை எங்களிடம் கொடுத்துவிட்டார்.

எட்டாம் வகுப்போடு நின்ற என் நாக்கில் அது தங்கவில்லை. ராயப்பன் லாஞ்சின் நங்கூரக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தான்.

"ஏலே, பாடமா படிச்சா மறந்துபோவும். இழுவையா இழுத்துக்கோ."

அசைக்கு ஓர் இழுவை. நாலு முடிந்ததும், கயிறு இழுக்கிற எவரும் சொல்கிற ஐலசா. நங்கூரம் மேலே வந்த பிறகும், கரை சேரும்வரை இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்று, வெறுங்கையால் கயிறு இழுத்துச் சொன்னேன். ஐலசாவை விட்டுவிடத்தான் பார்த்தேன். அதை விட்டால் மற்ற நாலும் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் என் கைகளைப் பார்த்தார். இன்னொரு தடவை என்று விரல் காட்டினார்.

"நல்லா இழுலே, மனுசன் உசுரு" என்றான் ராயப்பன்.

மூன்றாம் தடவை அவரும் கையைத் தூக்கி என்னோடு இழுத்தார். கயிறு எந்த நாட்டிலும் கயிறுதானே. பிறகு நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

கப்பல் சொன்னபடி காத்து நின்றது. ஆபரேஷன் முடிந்து மெலிந்துபோனவரை லாஞ்சில் கொண்டுபோனபோது, மேல்தளத்தில் நின்ற தம் ஆட்களைப் பார்த்து அவர் கத்திய முதல் சொல் பிரெஞ்சு அல்ல.

இப்போது கன்டெய்னர் கப்பல்கள் வந்த வேகத்தில் போய்விடுகின்றன. நங்கூரத்தைப் பொத்தான் தூக்குகிறது. ராயப்பனும் இல்லை. கதையைக் கேட்ட மகள் மேசைக்கடியில் கையை வைத்து இழுத்துப் பார்க்கிறாள். நாலாவது இழுவையோடு நிறுத்திக்கொள்கிறாள். பரீட்சைக்கு அதுதான் சரி. துறைமுகத்திலும் ஐலசா அப்படித்தான் நின்றுபோயிற்று.